ஏ.எல் அரசியல் விஞ்ஞானம்: ஜனாதிபதிமாரை எப்படிப் படிக்கலாம்?

இந்த முறை ஏ.எல் (இலங்கையின் உயர்தரப் பரீட்சை) எடுக்கும் திருகோணமலைத் தம்பி, தங்கைகள் சிலர் அரச தலைவர்கள் பகுதியை எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டார்கள். அவர்களின் கொப்பிகளைப் பார்த்தேன். பிறந்த திகதி, படித்த பாடசாலை, வகித்த பதவிகள், இறந்த ஆண்டு. இவ்வளவையும் பாடமாக்கினாலும் கட்டுரை வினாவில் பெரிதாகப் புள்ளி விழாது. ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுப் படித்த கேள்வி ஒன்றுதான்: இவர் வேறு யாரையும் கேட்காமல் தானாக எதைச் செய்யலாம்?

வில்லியம் கொபல்லாவவை எடுங்கள். மாத்தளைக்காரர். ஆசிரியராக, சட்டத்தரணியாக இருந்து, கண்டி, கொழும்பு மாநகர ஆணையாளராகி, சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதுவராகப் பணியாற்றியவர். 1962 ஜனவரியில் இராணுவச் சதி முயற்சி பிடிபட்ட கையோடு சேர் ஒலிவர் குணதிலக்க விலக, மார்ச்சில் இவர் மகாதேசாதிபதியானார், அதாவது பிரித்தானிய மகாராணியின் பிரதிநிதி. 1972 மே 22 இல் நாடு குடியரசாகியபோது அதே மனிதர்தான் முதலாவது ஜனாதிபதி. முன்பு பிரதமரின் சிபாரிசில் மகாராணி நியமித்தார். இப்போது பிரதமரே பெயர் குறித்து நியமித்தார். இரண்டு காலத்திலும் பிரதமரின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். "பெயரளவு நிர்வாகி" என்று எழுதிவிட்டு நிறுத்தாமல் இந்த ஒப்பீட்டையும் எழுதுங்கள். புள்ளி அங்கேதான் கிடக்கிறது.

அடுத்தது ஜே.ஆர். ஜயவர்தன. (கொபல்லாவ பிறந்தது 1896 செப்டெம்பர் 17, ஜே.ஆர். பிறந்தது 1906 செப்டெம்பர் 17. ஞாபகம் வைக்க நல்ல வசதி, வேறொன்றுக்கும் உதவாது.) ஜனாதிபதித் தேர்தல் எதிலும் நிற்காமலே, 1977 இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 1978 பெப்ரவரி 4 இல் பிரதமர் கதிரையிலிருந்து நிறைவேற்று ஜனாதிபதி (ஆட்சி அதிகாரம் தன் கையிலேயே உள்ள ஜனாதிபதி) கதிரைக்கு மாறினார். புதிய அரசியலமைப்பு செப்டெம்பர் 7 இல்தான் வந்தது. மக்கள் வாக்களித்த முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20 இல், ஜே.ஆருக்கு 52.91 சதவீதம். அதே டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். இந்த வரிசை பிசகினால் விடையே பிசகிவிடும்.

உதாரணம் தேடி எங்கள் ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. உவர்மலைப் பக்கம் ஆளுநர் செயலகத்தைத் தாண்டித்தானே டியூஷனுக்குப் போகிறீர்கள். அந்த ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. 1987 இலங்கை இந்திய ஒப்பந்தம், அதன் பின் மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம், பிறகு திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வடக்கு கிழக்கு மாகாண சபை. மாகாண சபைச் சட்டப்படி, ஆயுதக் குழுக்களின் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டதாக ஜனாதிபதி திருப்தியடைந்த பின்னரே இரு மாகாணங்களையும் இணைக்கலாம். ஜே.ஆர். 1988 இல் அவசரகால ஒழுங்குவிதியால் அந்த நிபந்தனையைத் தளர்த்தி, இணைப்புப் பிரகடனத்தை வெளியிட்டார். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. நிறைவேற்று அதிகாரம் எவ்வளவு தூரம் போகும், நீதிமன்றம் எங்கே மறிக்கும் என்ற இரண்டையும் இந்த ஒரே உதாரணத்தில் காட்டலாம். இணைப்பு சரியா பிழையா என்ற உங்கள் கருத்தை விடைத்தாளில் இறக்காதீர்கள். அதை வீட்டுக்கு வந்து மாமாவோடு வாதாடலாம்.

பதவி இடையில் வெற்றிடமானால்? 1993 மே 1 இல் பிரேமதாச கொல்லப்பட்டபின் டி.பி. விஜேதுங்கவையும், 2022 இல் கோட்டாபய ராஜபக்ஷ விலகியபின் ரணில் விக்கிரமசிங்கவையும் தெரிவு செய்தது பாராளுமன்றம். ரணிலுக்குக் கிடைத்தது 134 வாக்கு. இந்த இரண்டும் போதும்.

அரசியலமைப்புத் திருத்தங்களுக்கு நான் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு கீறி அட்டவணை போட்டேன்: 17, 18, 19, 20, 21. பதவிக்கால வரையறையும் அரசியலமைப்புப் பேரவையும் (ஜனாதிபதியின் உயர் பதவி நியமனங்களுக்குக் கடிவாளம் போடும் சபை) தான் நிரல்கள். 18 (2010) இரு தவணை வரையறையை எடுத்தது. 19 (2015) திரும்பக் கொண்டுவந்து பதவிக்காலத்தையும் ஐந்து வருடமாக்கியது. 20 (2020) பேரவையை நீக்கியது, 21 (2022) மீட்டது. சீனியர்களிடம் வாங்கும் கொப்பி எந்த ஆண்டினது என்று முதலில் பாருங்கள். 2022க்கு முந்தியதென்றால் கடைசி வரியை நீங்களேதான் நிரப்ப வேண்டும்.