விட்டுட்டு வராத

முக்கூடல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் தாவரவியல் டீச்சர். பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்வேன்: "எந்தக் கேள்வியையும் விட்டுட்டு வராத. தெரிஞ்ச மட்டும் எழுது, படத்துக்கும் மார்க் உண்டு."

2017 மே மாதம் என் மாணவி ஒருத்தி நீட் தேர்விலும் அதையே செய்தாள். சரியான விடைக்கு 4 மார்க், தவறினால் 1 கழியும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து வந்த பழக்கம் கையை விடவில்லை. 180 கேள்விக்கும் வட்டத்தைக் கறுத்துவிட்டு வந்தாள். பிளஸ் டூவில் அவள் கட்ஆஃப் 200-க்கு 197.25. தமிழ்நாட்டுக்கு நீட்டிலிருந்து விலக்கு வந்துவிடும் என்று ஆகஸ்ட் வரை காத்திருந்தோம். 22-ஆம் தேதி, நீட் மதிப்பெண்படிதான் சேர்க்கை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். "இம்புட்டு மார்க் எடுத்தும் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டே டீச்சர்." எனக்குப் பதில் வரவில்லை.

பிளஸ் டூ மார்க்கை மட்டும் பார்த்த காலத்திலும் குறை இருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகள் எத்தனையோ. அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் நீட்டில் ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி எழுத வசதி உள்ள பிள்ளைக்கு மார்க் ஏறுகிறது. பீடி சுற்றும் வீட்டில் அந்த ஒரு வருடத்துக்கு யார் பணம் கட்டுவது?

அந்த வீட்டின் மூத்தவளான அவள் நர்ஸிங் போனாள். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்த வருடமே தங்கைக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது, கட்டணமும் அரசே கட்டியது. அதே வீடு, அதே பள்ளி, அதே டீச்சர். நீட்டில் தங்கை எடுத்தது கோச்சிங் பிள்ளைகளின் மார்க்கில் பாதிகூட இல்லை. ஆனால் ஒரு பேப்பரிலும் அரியர் வைக்காமல் முடித்து, இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கும் இது முடிந்திருக்குமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் நீட்டுக்குப் படிக்கிறார்கள். டூட்டி இல்லாத வாரம் மூத்தவள் வருவாள். மாதிரி வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு அவள் முதலில் சொல்வது, "தெரியலன்னா விட்டுரு. தைரியமா விட்டுரு."