செவ்வாய், வியாழன், சனி

மார்ச் 3, செவ்வாய்
நாலு மணி நேரம். அப்பா உள்ளே டயாலிசிஸில், நான் வெளியே பெஞ்சில், மடியில் லேப்டாப்.
சர்வர் எழும்போது டேட்டாபேஸின் மூன்று டேபிளில் எழுதும் மெத்தட். மூன்றாவதில் எரர். முதல் இரண்டில் எழுதியது அப்படியே நிற்கிறது. மெத்தடின் தலையில் @டிரான்ஸாக்ஷனல் போட்டிருக்கிறேனே, ஒன்று தவறினால் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கச் சொல்லும் ஸ்பிரிங் (ஜாவா ஃபிரேம்வொர்க்) குறி, ஏன் ரோல்பேக் ஆகவில்லை?

மார்ச் 4
ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டார். அரை டம்ளர் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ?

மார்ச் 5, வியாழன்
பிரேக்பாயின்ட் வைத்துப் பார்த்தேன். அழைப்புகளின் வரிசையான ஸ்டேக்கில், ரோல்பேக்கைக் கவனிக்கும் டிரான்ஸாக்ஷன் இன்டர்செப்டரே இல்லை. அழைப்புகளை இடைமறிக்க ஸ்பிரிங் ஆப்ஜெக்ட்டைச் சுற்றிப் போடும் உறைதான் பிராக்ஸி; அது இருந்தால் கிளாஸ் பெயருக்குப் பின்னால் இரட்டை டாலர் குறியோடு வரும் அந்த வாலும் இல்லை. மொட்டைப் பெயர். அப்போதுதான் உறைத்தது. ஸ்பிரிங் முதலில் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டுகிறது, டிபென்டென்சிகளைச் செருகுகிறது, @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் குறி போட்ட மெத்தடைக் கூப்பிடுகிறது. என் மெத்தட் அதுதான். பிராக்ஸியைச் சுற்றுவது அதற்கும் பிறகு. என் மெத்தட் ஓடும்போது இடைமறிக்க யாருமே வந்து சேரவில்லை. எரர் இல்லை, வார்னிங்கும் இல்லை. எழுதியதை மதிக்காமல் இப்படிச் சத்தமில்லாமல் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.
வேலையை அதே கிளாஸில் வேறு மெத்தடுக்கு மாற்றி அங்கிருந்தே கூப்பிட்டேன். பலனில்லை. திஸ் வழியாக, அதாவது ஆப்ஜெக்ட் தன்னையே கூப்பிட்டுப் போகும் அழைப்பு பிராக்ஸியைத் தொடாது. தெரிந்ததுதான், களைப்பில் மறந்துவிட்டேன்.

மார்ச் 6
ரிப்போர்ட் வந்தது. எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 7, சனி
வேலையை, அப்ளிகேஷன் முழுதும் எழுந்ததும் வரும் அப்ளிகேஷன்ரெடி ஈவென்ட்டுக்கு மாற்றினேன். அதற்குள் ஸ்பிரிங் உருவாக்கும் ஆப்ஜெக்ட்களான பீன்கள் எல்லாம் தயார், அழைப்பும் பிராக்ஸி வழியாகவே வருகிறது. வேண்டுமென்றே மூன்றாவது டேபிளில் எரர் கிளப்பினேன். முதல் இரண்டும் காலி! மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், மூன்று தடவையும் காலி. பக்கத்து பெஞ்ச் அக்கா இட்லி கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்
அப்பாவின் எடை 2.8 கிலோ கூடியிருக்கிறது. அந்த அரை டம்ளர் அல்ல, அது போன வாரம். எனக்கே தெரியும். இருந்தாலும்.
டீமில் தம்பி ஒரு மெத்தடுக்கு ஃபைனல் போட்டிருக்கிறான். நல் பாயின்டர் எரர். கன்ஸ்ட்ரக்டரில் வைத்த ரெப்பாசிட்டரி (டேட்டாபேஸோடு பேசும் ஆப்ஜெக்ட்) எங்கே போனது என்று கேட்கிறான். பிராக்ஸி என்பது சிஜிலிப் லைப்ரரி உருவாக்கும் சப்கிளாஸ்; ஃபைனல் மெத்தடை அதனால் ஓவர்ரைடு செய்ய முடியாது. அதனால் மெத்தட் பிராக்ஸியின் மேலேயே ஓடுகிறது. 2013இல் வந்த ஸ்பிரிங் 4.0 முதல் ஆப்ஜெனிசிஸ் என்ற லைப்ரரி கன்ஸ்ட்ரக்டரை ஓட்டாமலேயே அந்த பிராக்ஸியைப் படைக்கிறது. ஃபீல்டெல்லாம் வெறுமை. போனில் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம். ஃபைனலை எடுத்துவிட்டான்.

மார்ச் 11
ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று சுவரில் கோடு போட ஆரம்பித்திருக்கிறார்.

மார்ச் 12, வியாழன்
எடை 2.1 கிலோ கூடுதல். இன்று ஜன்னல் பக்கப் படுக்கை. இன்னும் நாலு கிளாஸில் @போஸ்ட்கன்ஸ்ட்ரக்டும் @டிரான்ஸாக்ஷனலும் ஒரே மெத்தடில் இருக்கின்றன. முதலாவதைத் திறந்து