இடிச்சாத்தான் கேஸ் முடியும்

கார் கேம்னாலே பொதுவா ஒரே விதிதான். முன்னாடி போறவன் மேல படாம ஓட்டு, ஓரத்துல இருக்கற மரத்துல மோதாம ஓட்டு, பட்டா ஸ்பீடு போச்சு, டைம் போச்சு. 1986ல செகா விட்ட அவுட் ரன்னும் அப்படித்தான், சிவப்பு ஃபெராரி, பக்கத்து சீட்ல ஒரு பொண்ணு, ஜாலியா ஒரு மியூசிக், கடற்கரை ஓரமா போயிட்டே இருக்கலாம், அழகான கேம், அதைக் குறை சொல்ல நான் வரல. ஆனா ரெண்டே வருஷத்துல, 1988ல, ஜப்பான்ல டைட்டோ கம்பெனிக்காரங்க சேஸ் எச்.க்யூ.ன்னு ஒரு ஆர்கேட் மெஷினை, அதாவது கடைல காசு போட்டு ஆடற பெரிய கேம் மெஷினைக் கொண்டாந்து அந்த விதியைத் தலைகீழாத் திருப்பிட்டாங்க. இதுல ஒரு வண்டியை நீங்க இடிச்சே ஆகணும். ஒரு தட்டு தட்டிட்டு விடறதில்ல, அது புகைஞ்சு ஓரங்கட்டி நிக்கற வரைக்கும் இடிக்கணும்.

நான் இங்க எழுதப் போறது அந்த ஆர்கேட் மெஷினைப் பத்தி இல்ல. அடுத்த வருஷமே, 1989ல, இங்கிலாந்துல மான்செஸ்டர்ல இருந்த ஓஷன் கம்பெனி இதை ஹோம் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டு வந்துச்சே, அதைப் பத்தி. ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, ஆம்ஸ்ட்ராட், அட்டாரி எஸ்டி, அமிகான்னு எல்லாத்துக்கும் வந்துச்சு. பழைய மெஷினை இன்னிக்குக் கம்ப்யூட்டர்லயே ஓட வைக்கற எமுலேட்டர் புண்ணியத்துல இப்ப எல்லாத்தையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓட்டிப் பாக்கலாம். பாத்தா வேடிக்கையா இருக்கு, இருக்கறதுலயே நோஞ்சான் மெஷின் ஸ்பெக்ட்ரம், அதுலதான் துரத்தற மாதிரியே இருக்கு.

முதல்ல கேம் எப்படின்னு சொல்லிடறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போகலாம். நீங்க போலீஸ். டோனி கிப்சன் ஸ்டீயரிங்ல, பக்கத்துல ரேமண்ட் பிராடி. வண்டி கறுப்பு போர்ஷே 928. ஒவ்வொரு ரவுண்டு ஆரம்பத்துலயும் ஹெட்குவார்ட்டர்ஸ்ல இருந்து நான்சிங்கற பொண்ணு வயர்லெஸ்ல கூப்பிட்டு கேஸ் விவரம் சொல்லும், ஐடஹோ கொலைகாரன் ரால்ஃப் புறநகர்ப் பக்கம் தப்பிச்சுப் போறான், வண்டி வெள்ளை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், அப்படின்னு. பேர் சொல்லாம "பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்"னு பூசி மெழுகினாலும் பாத்தாலே லோட்டஸ் எஸ்ப்ரின்னு தெரியுது. அடுத்து நியூயார்க் கொள்ளைக்காரன் கார்லோஸ், இத்தாலி வண்டி. அப்படியே போயி அஞ்சாவதா, கடைசி ஆளா, ஒரு கிழக்கு ஐரோப்பா உளவாளி. அப்ப பனிப்போர் இன்னும் முடியல, வில்லன்னா அவங்கதான். ஹோம் பதிப்பு வந்த அதே 1989ல பெர்லின் சுவரே போயிடுச்சு, பாவம் அந்த உளவாளி, யாருக்கு வேலை பாக்கறோம்னே தெரியாம ஓடிட்டு இருந்திருப்பான்.

60 செகண்டு கொடுப்பாங்க, அதுக்குள்ள ஆளைக் கண்ணால பாத்துடணும். அது வரைக்கும் இது சாதா கார் கேம்தான், டிராஃபிக்ல பூந்து பூந்து போறது, நடுவுல ரோடு ரெண்டாப் பிரியும், தப்பான பக்கம் போனா சுத்தித்தான் வரணும். ஆளு கண்ணுல பட்டதும் கேமே மாறிடும். ரேமண்ட் ஜன்னல் வழியா கையை வெளிய விட்டு வண்டி டாப்ல சைரன் விளக்கைத் தூக்கி வைப்பான், டைம் திரும்பவும் 60க்குப் போகும், அங்கேர்ந்து வேட்டை. இந்த ஒரு இடத்துக்காகவே இந்த கேமை நான் பாராட்டுவேன். ஏன்னா அது வரைக்கும் டைம் உங்களுக்கு எதிரா ஓடிட்டு இருக்கு, ஒவ்வொரு லாரியையும் திட்டிட்டு வர்றீங்க, திடீர்னு அந்தக் கோவத்தை எல்லாம் கொட்ட ஒருத்தன் கிடைச்சுடறான், அதுவும் சட்டப்படி.

இடிக்கறதையும் சும்மா பட்டன் அமுக்கற வேலையா வைக்கல. பின்னாடி போயி ஒரு இடி இடிச்சா அவனுக்கு டேமேஜ் ஏறும், ஆனா உங்க ஸ்பீடும் குறையும், அவன் அந்த கேப்ல முன்னாடி ஓடிடுவான். திரும்ப ஸ்பீடு ஏத்தி, நடுவுல வர்ற வண்டிகளைத் தாண்டி, அவன் லேனுக்கு வந்து, இன்னொரு இடி. அவனும் லேன் மாத்திக்கிட்டே இருப்பான், நீங்க வேகமா வந்து குறி தப்பினா அவனைத் தாண்டிப் போயி முன்னாடி நிப்பீங்க, அது மாதிரி வெட்டியான நிலைமை இன்னொண்ணு இல்ல, துரத்த வந்தவன் முன்னாடி ஓடறான். அப்புறம் டர்போ, மூணே மூணுதான். அதை முதல் பாதிலயே அவசரப்பட்டு எரிச்சுட்டா ரெண்டாவது பாதில வெறுங்கையோட நிக்கணும், சேத்து வெச்சா முதல் பாதிலயே டைம் முடிஞ்சுடும்னு பயம். டர்போ போட்டு முழு ஸ்பீடுல அவன் பின்னாடி போயி ஏறும்போது இருக்கற சுகம் தனி.

இப்ப ஸ்பெக்ட்ரம் விஷயத்துக்கு வரேன், எனக்கு சொல்ல வேண்டியது இங்கதான் நிறைய இருக்கு.

ஆர்கேட் மெஷின்ல மோட்டோரோலா 68000 சிப் ரெண்டு இருந்துச்சு, அது போக படத்தைப் பெருசு சிறுசு பண்ணறதுக்குன்னே தனி ஹார்ட்வேர். தூரத்துல புள்ளியா இருக்கற கார் கிட்ட வர வர பெருசாகறது எல்லாம் அது பாத்துக்கும். ஸ்பெக்ட்ரம்ல இருக்கறது 3.5 மெகாஹெர்ட்ஸ்ல ஓடற ஒரே ஒரு இசட்80 சிப். கார் மாதிரி நகர்ற சின்னப் படங்களைத் தானா வரையற ஸ்ப்ரைட் ஹார்ட்வேர் கிடையாது, ஸ்க்ரீனை மொத்தமா நகர்த்தற ஸ்க்ரோல் ஹார்ட்வேர் கிடையாது, பெருக்கல் கணக்கு போட ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் கூட கிடையாது. ஸ்க்ரீன்ல ஒவ்வொரு புள்ளியையும் ப்ரோக்ராமே உக்காந்து எழுதணும்.

ஸ்க்ரீன் 256க்கு 192 பிக்சல், அதுக்கு 6144 பைட். இதுல ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. இசட்80ல ஒரு பைட்டைக் காப்பி பண்ண இருக்கற சாதா இன்ஸ்ட்ரக்‌ஷன் 21 கிளாக், அதாவது சிப்போட 21 துடிப்பு, எடுக்கும், அப்ப முழு ஸ்க்ரீனுக்கு 1,29,024. டிவி ஒரு ஃபிரேம் வரையற நேரத்துல, அதாவது செகண்டுல 50ல ஒரு பங்குல, சிப்புக்குக் கிடைக்கறதே 69,888 கிளாக்தான். ஆக ரோடு எங்க, கார் எங்கன்னு எந்தக் கணக்கும் போடாம வெறுமனே ஸ்க்ரீனைக் காப்பி பண்ணாலே கிட்டத்தட்ட ரெண்டு ஃபிரேம் காலி. அதனாலதான் அந்தக் காலத்து ஸ்பெக்ட்ரம் ஆளுங்க ஸ்டாக் பாயின்டரை, அதாவது சிப் தன்னோட நம்பர்களைத் தற்காலிகமா அடுக்கி வைக்கற இடத்தைக் காட்டற குறியை, தூக்கிட்டுப் போயி ஸ்க்ரீன் மெமரிலயே வெச்சு புஷ் இன்ஸ்ட்ரக்‌ஷனால எழுதுவாங்க, அது 11 கிளாக்ல ரெண்டு பைட் தள்ளும். ஸ்டாக்கை இதுக்கு யூஸ் பண்ணனும்னு முதல்ல யோசிச்சவன் யாரோ, அவன் மூளையே மூளை.

அப்புறம் கலர். ஸ்பெக்ட்ரம்ல 8க்கு 8 பிக்சல் கட்டம் ஒவ்வொண்ணுலயும் ரெண்டே கலர்தான் வைக்க முடியும். சிவப்புக் கார் ஒண்ணு பச்சை மரத்துப் பக்கமாப் போனா ஒண்ணோட கலர் இன்னொண்ணு மேல ஒட்டிக்கும், பாக்கவே கண்றாவியா இருக்கும். சேஸ் எச்.க்யூ.வுக்கு ப்ரோக்ராம் எழுதின ஜான் ஓ'பிரையனும் கிராஃபிக்ஸ் பண்ண பில் ஹார்பிசனும் இதுக்கு ஒரு முடிவு எடுத்தாங்க, ஓட்டற இடத்துல கலரையே விட்டுட்டாங்க. ரோடு, கார், மரம் எல்லாம் ஒரே கலர் பின்னணி மேல கறுப்புல. ஸ்க்ரீன்ஷாட்டாப் பாத்தா என்னடா இது ஜெராக்ஸ் காப்பி மாதிரின்னு தோணும், ஓட ஆரம்பிச்சதும் அதெல்லாம் மறந்தே போயிடும்.

ஏன்னா கலர்ல மிச்சம் பிடிச்ச வேலை எல்லாம் ஸ்பீடுல போயி சேர்ந்திருக்கு. ரோடு வளையறது, மேடு ஏறி இறங்கறது, ரெண்டாப் பிரியறது எல்லாமே இருக்கு. இந்த ரோடு விஷயம் நிஜ 3டி இல்ல, கண்கட்டு வித்தை. ரோட்டைப் படுக்கை வரிகளா வெட்டிக்கறாங்க, கீழ் வரி அகலம், மேல போகப் போக குறுகல், ஒவ்வொரு வரிக்கும் நடு எங்க இருக்குன்னு ஒரு நம்பர். வளைவு வேணும்னா மேல போகப் போக அந்த நம்பரைக் கொஞ்சம் கொஞ்சமா ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டே போறாங்க, அவ்வளவுதான். மேடு வேணும்னா வரிகளோட இடைவெளியை மாத்தறாங்க. ரோட்டுல இருக்கற பட்டைகள் மாறி மாறி வர்றதால நம்ம கண்ணு, ஓ, வண்டி ஓடுதுன்னு நம்பிடுது. ஓடறது என்னமோ வரிகள்தான், கார் நடுவுல நின்ன இடத்துல நிக்குது.

கிட்ட வர வர பெருசாகற கார்களுக்கு மட்டும் குறுக்கு வழியே கிடையாது, ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியா முன்னாடியே வரைஞ்சு மெமரில வெச்சுக்கணும். சாதா ஸ்பெக்ட்ரம்ல இருக்கற 48கே மெமரில ஸ்க்ரீனுக்குப் போக மிச்சம் இருக்கறது 41 கேபி சொச்சம், அதுக்குள்ள காரும் மரமும் எத்தனை எத்தனை சைஸ்ல, அது போக மேப், சவுண்டு, ப்ரோக்ராம். 128கே மெஷின் வெச்சிருந்தவங்களுக்குக் கூடுதல் யோகம், மியூசிக்கும் உண்டு, கரகரன்னு பேச்சும் உண்டு. புரியற அளவுக்குப் பேசுமான்னா, என்ன சொல்லப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா புரியும்.

மத்த மெஷின்கள்ல என்ன ஆச்சு? ஆம்ஸ்ட்ராட்லயும் அதே இசட்80 தான், கொஞ்சம் வேகமா 4 மெகாஹெர்ட்ஸ், கலரோட நல்லாவே இருக்கு, ஸ்பெக்ட்ரம் பிடிக்கலன்னா அதை ஓட்டலாம். கமடோர் 64ல எட்டு ஸ்ப்ரைட் ஹார்ட்வேர்ல இருக்கு, சவுண்டு சிப் அந்தக் காலத்துலயே ராஜா, ஆனா சிப் ஓடறது ஒரு மெகாஹெர்ட்ஸ் பக்கம், இந்த மாதிரி ரோட்டை இழுத்து வரையற கேமுக்கு அது முக்கி முனகுது, எனக்கு அந்தப் பதிப்பு துளியும் ஒட்டல. அமிகாவாவது சரியா இருக்கணும்ல, ஆர்கேட்ல இருந்த அதே 68000 சிப் ஒண்ணு உள்ள இருக்கு, கலருக்கும் பஞ்சம் இல்ல. ஆனா இடிச்சா இடிச்ச மாதிரியே இல்லையே! கார் தொட்டு விலகுது, டேமேஜ் ஏறுது, மனசுக்கு ஒண்ணும் ஆகல. ஸ்பெக்ட்ரம்ல இடிச்சதும் உள்ள இருக்கற பீப்பர்ங்கற சின்ன ஸ்பீக்கர் போடற கர்ணகொடூர சத்தமும் டக்குனு ஸ்பீடு விழறதும் சேர்ந்து, ஆமா, இப்ப ஒருத்தன் பம்பரைப் பேத்தோம்னு தோணும். துரத்தற கேமுக்கு வேணுங்கறது ரெண்டே விஷயம், வேகமும் அடியும், படம் அதுக்கு அப்புறம்தான்னு ஓ'பிரையனுக்கும் ஹார்பிசனுக்கும் தெரிஞ்சிருக்கு.

குறை இல்லாம இல்ல. அஞ்சு ரவுண்டு முடிஞ்சா கேம் முடிஞ்சுது, அஞ்சுலயும் செய்யற வேலை ஒண்ணேதான், நீளமா உக்காந்து ஆடற கேம் இது இல்ல. நியாயம்னு பாத்தா இன்னும் மோசம், ஒருத்தனைப் பிடிக்கறதுக்காக ஊர்ல போற வர்ற அத்தனை வண்டியையும் உரசிட்டுப் போறோம், அதுக்கு நான்சி ஒரு வார்த்தை கேக்கறதில்ல. கைது பண்றதுக்கு முன்னாடி வண்டியை எரிய விடறதுதான் இங்க சட்டம் ஒழுங்கு.

1989லயே டைட்டோ இதுக்கு அடுத்த பாகமா ஸ்பெஷல் கிரிமினல் இன்வெஸ்டிகேஷன் விட்டாங்க, எஸ்.சி.ஐ.ன்னு சொல்லுவாங்க, அதுல வண்டி நிஸான் 300இசட்எக்ஸ், கையில துப்பாக்கி. துப்பாக்கி வந்ததுமே எனக்கு ஆர்வம் போயிடுச்சு. தூரத்துல இருந்து சுட முடியும்னா அப்புறம் எதுக்கு உயிரைக் கொடுத்து கிட்ட போகணும்? இடிக்கறதை விடாமப் பிடிச்சுக்கிட்டது அப்புறம் வந்த வேற கேம்கள்தான். 1998ல வந்த நீட் ஃபார் ஸ்பீடு மூணாம் பாகம் ஹாட் பர்சூட்ல நீங்களே போலீஸா ஓட்டலாம், 2004ல வந்த பர்ன்அவுட் 3 டேக்டவுன்ல எதிராளியை இடிச்சுத் தள்ளறதுக்குன்னே பரிசு. அதையெல்லாம் ஆடிட்டு இங்க வர்றவங்களுக்கு இது ரொம்ப சின்னதாத் தெரியும், இருந்தாலும் நான்சி கூப்பிட்டு ரேமண்ட் விளக்கு வைக்கற வரைக்குமாவது ஆடிப் பாருங்க.

முதல் தடவை ஓட்டறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: மூணு டர்போல ரெண்டை ஆளு கண்ணுல படற வரைக்கும் தொடாதீங்க, அதையும் ரோடு நேரா இருக்கற இடத்துல, அவன் உங்களுக்கு நேர் முன்னாடி அதே லேன்ல இருக்கும்போது மட்டும் அமுக்குங்க, வளைவுல அமுக்கினா நேரா மரத்துலதான்.