ஃபயர்வால் டிஎச்சிபி-யில் பிஎக்ஸ்இ பூட்: 66, 67 மட்டும் போதாது

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அல்லாமல், நெட்வொர்க்கில் உள்ள சர்வரிலிருந்து கோப்பை எடுத்துக் கணினியைத் தொடங்குவதுதான் பிஎக்ஸ்இ பூட். இதை அமைத்தது, பழைய பயாஸ் கணினிகளும் புதிய யூஇஎஃப்ஐ கணினிகளும் (கணினியைத் தொடக்கும் உள் மென்பொருளின் இரு வகைகள்) கலந்த ஒரு நெட்வொர்க்கில். ஃபயர்வாலின் டிஎச்சிபி-யை (கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் சேவை) வைத்தே இரண்டு வகையையும் பூட் செய்ய வைத்தாயிற்று. பூட் கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபி சர்வரை நிறுவுவதிலும் ஐபி ரேஞ்ச் கொடுப்பதிலும் சிக்கலே இல்லை. இழுத்தடித்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஃபயர்வாலின் உதவிப் பிரிவு திரும்பத் திரும்பச் சொன்ன பதில் ஒன்றுதான்: டிஎச்சிபி பதிலோடு போகும் கூடுதல் விவரங்களான ஆப்ஷன்களில், 66-இல் சர்வர், 67-இல் கோப்புப் பெயர். இது பாதிதான் சரி. பல நெட்வொர்க் கார்டுகள் 66-ஐப் பார்ப்பதே இல்லை. டிஎச்சிபி பாக்கெட்டின் தலைப்பகுதியில் உள்ள நெக்ஸ்ட் சர்வர் முகவரியைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அந்த இடம் காலியாகவோ ஃபயர்வாலின் சொந்த முகவரியாகவோ இருந்தால், கணினிக்கு ஐபி கிடைக்கும், கோப்பு கிடைக்காது. டைம்அவுட் ஆகி பிஎக்ஸ்இ-இ32 பிழை வருவது இப்படித்தான். ஆகவே நெக்ஸ்ட் சர்வர் என்று தனி அமைப்பு இருந்தால் அதை முதலில் நிரப்புங்கள். 66-ஐயும் சேர்த்துக் கொடுங்கள், ஆனால் அதன் வகையை டெக்ஸ்ட் என்று வையுங்கள். ஐபி வகை என்று வைத்தால் வெறும் 4 பைட்தான் போகும். எழுத்தை எதிர்பார்க்கும் கணினிக்கு அது குப்பை.

அடுத்தது கோப்பு. 67-இல் ஒரே பெயர் கொடுத்தால் ஒரு வகைக் கணினிதான் எழும்பும். பயாஸுக்கான கோப்பை யூஇஎஃப்ஐ கணினி டவுன்லோடு செய்துவிட்டு, சத்தமில்லாமல் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடும். தான் எந்த வகை என்பதைக் கணினி ஆப்ஷன் 93-இல் சொல்லியே கேட்கிறது: 0 என்றால் பயாஸ், 6 என்றால் 32 பிட் யூஇஎஃப்ஐ, 64 பிட் யூஇஎஃப்ஐ பெரும்பாலும் 7, சிலவற்றில் 9. 7, 9 இரண்டுக்கும் விதி எழுதுங்கள்; 9-ஐ விட்டால் ஏதோ ஒரு மாடல் மட்டும் காரணம் தெரியாமல் தொங்கும். பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலிலும், ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வாலின் பழைய ஐஎஸ்சி டிஎச்சிபி-யிலும் பயாஸ், யூஇஎஃப்ஐ கோப்புகளுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன, வேலை மிச்சம்.

ஃபயர்வாலில் ஒரே கட்டம்தான் என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். டிஎஃப்டிபி சர்வரிலேயே டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎச்சிபி மென்பொருளை ப்ராக்ஸி டிஎச்சிபி-யாக ஓடவிடுங்கள். ஐபி மட்டும் ஃபயர்வால் கொடுக்கட்டும், பூட் விவரத்தை இது கொடுக்கும். ஃபயர்வாலில் போட்ட 66, 67-ஐ மறக்காமல் நீக்குங்கள். இரண்டு பக்கமிருந்தும் விவரம் வந்தால் சில கணினிகள் குழம்பும். சர்வரில் யுடிபி 4011-உம் திறந்திருக்க வேண்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு விலேனில் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதி) இருக்கும் சர்வர். யுடிபி 69-ஐத் திறந்தாயிற்றே என்று நினைப்போம். அந்தப் போர்ட்டுக்குப் போவது முதல் கோரிக்கை மட்டும்தான். சர்வர் புதிதாக ஒரு போர்ட்டிலிருந்து பதில் அனுப்பும். ஃபயர்வால் அதைச் சம்பந்தமில்லாத பாக்கெட் என்று தள்ளிவிடும். டிஎஃப்டிபி ஹெல்பர் அல்லது டிஎஃப்டிபி ப்ராக்ஸி என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை ஆன் செய்தால்தான் வழி. அது இல்லையா, சர்வரை அதே விலேனுக்குக் கொண்டுவருவதே நல்லது.

ஐபிஎக்ஸ்இ (ஸ்கிரிப்டை இயக்கக்கூடிய, வசதி கூடிய பூட் நிரல்) பயன்படுத்துபவர்களுக்கு: அது லோடானதும் மறுபடி டிஎச்சிபி கேட்கும், ஃபயர்வால் அதே கோப்பையே கொடுக்கும், அது தன்னையே திரும்பத் திரும்ப லோடு செய்துகொண்டிருக்கும். இரண்டாம் முறை வரும் கோரிக்கையை ஐபிஎக்ஸ்இ தன் பெயரைச் சொல்லும் ஆப்ஷன் 77-ஐ வைத்து அடையாளம் காணலாம். அந்த வசதி இல்லாத ஃபயர்வால் என்றால், ஸ்கிரிப்டை உள்ளேயே பதித்து ஐபிஎக்ஸ்இ-யை பில்ட் செய்துவிடுங்கள். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் நீங்களே பில்ட் செய்த கோப்பு ஏற்கப்படாது, கையொப்பம் வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஃபயர்வாலிலேயே பாக்கெட் கேப்சர் (போய்வரும் பாக்கெட்டுகளின் பதிவு) எடுங்கள், போர்ட் 67, 68, 69. டிஎச்சிபி தரும் பதிலான ஆஃபர் பாக்கெட்டைத் திறந்தால் நெக்ஸ்ட் சர்வர் என்ன, கோப்புப் பெயர் என்ன என்று அப்படியே தெரியும். பிஎக்ஸ்இ-இ53 என்றால் கோப்புப் பெயர் போகவில்லை. பிஎக்ஸ்இ-இ51 என்றால் ஆஃபரே வந்து சேரவில்லை; அப்போது ஃபயர்வாலை விட்டுவிட்டு சுவிட்சைப் பாருங்கள். நெட்வொர்க்கில் சுற்றுப்பாதை உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ, வழக்கமான அமைப்பில் ஒரு போர்ட்டைத் திறக்க 30 வினாடி எடுக்கும், அதற்குள் கணினி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடலாம். கணினி செருகியிருக்கும் போர்ட்களில் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போட்டால் அது தீரும்.