மூச்சு விடு

"அம்மா, அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்லியிருக்கணும் தெரியுமா?"

ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறியதிலிருந்து இதே பேச்சு. மகள் உயர்நிலை 3 படிக்கிறாள். தமிழ் விவாதப் போட்டி. முதல் சுற்றிலேயே வெளியே.

கையில் இன்னும் அந்தக் குறிப்பு அட்டைகள். வியர்வையில் ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. மூன்றாவது அட்டையில் சிவப்பு மையில் இரண்டே சொல்: "மூச்சு விடு."

விடவில்லை. மணி அடித்தபோது பாதி வாக்கியத்தில் நின்றாள்.

ஆங்கிலத்தில் இவள் சண்டைக்கோழி. உலகப் பள்ளிகள் பாணி விவாதத்தில் ஆளுக்கு 8 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிரணி எழுந்து குறுக்கிடலாம். அதெல்லாம் அவளுக்கு அல்வா. தமிழில்தான் 4 நிமிடம் மலையாகிவிடுகிறது. (ள, ழ தகராறு வேறு. அது என் சீதனம்.)

வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். இன்று செங்காங் வரைக்கும், தோற்ற வாதத்தை முழுக்கத் தமிழிலேயே என்னிடம் நடத்தி முடித்தாள். எதிர் இருக்கைப் பாட்டி கைத்தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் எழுந்தபோது சொன்னார்: "நீ சொல்றதுதான் சரி பாப்பா. ஆனா கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசு."