பின்பனியில் மலையாற்று ட்ரவுட்: ஈ மாற்றுமுன் எடையை மாற்றுங்கள்

குளிர்காலக் கடைசியில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைச் செயற்கை ஈயால் (பூச்சிபோல் இறகும் நூலும் சுற்றிய தூண்டில் முள்) பிடிக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் எழ வேண்டியதில்லை. கோடையில் பலிக்கும் அந்தப் பழக்கத்தால் இப்போது விரல்தான் மரத்துப்போகும். ட்ரவுட்டுக்குத் தனியாக உடற்சூடு கிடையாது; தண்ணீர் என்ன சூடோ அதுதான் மீனின் சூடும். ஆற்றுநீர் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் செரிமானமே மந்தப்பட்டு, மீன் மடுவின் அடியில் கிடையாய்க் கிடக்கும். 5, 6 டிகிரியைத் தொட்டதும் இரை எடுக்கத் தொடங்கும். அந்த நேரம் பெரும்பாலும் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள் வந்து போய்விடும்.

அதனால் ராடைப் (தூண்டில் கோலை) பூட்டுமுன் தெர்மாமீட்டரை ஓடும் நீரில் இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். அரை மணி கழித்து மறுபடியும் பாருங்கள். எத்தனை டிகிரி என்பதைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். 3-லிருந்து 5-க்கு ஏறும் நீரில் மீன் கிடைக்கும். 7-லிருந்து 5-க்கு இறங்கும் நீரில் வாயை மூடிக்கொள்ளும். கரையில் பனி குவிந்திருக்கும்போது பளீரென்று வெயில் அடித்தால் புதியவர்கள் மகிழ்வார்கள். ஆனால் மதியத்துக்குமேல் பனி உருகி ஆற்றில் கலக்கும்போது நீர் குளிர்ந்து, கலங்கியும் போகும். காற்றில்லாத, மேகம் மூடிய, மிதமான நாள்தான் எங்கள் தேர்வு.

இடம் தேர்வதில் குழப்பமே இல்லை. நுரைத்து ஓடும் ஆழமற்ற பகுதிகளைத் தாண்டிப் போய்விடுங்கள். ஆள் மெதுவாக நடக்கும் வேகத்தில் நீர் நகரும் மடு, அதன் வால்பகுதி, வேகநீரும் மந்தநீரும் உரசிக்கொள்ளும் கோடு, இந்த மூன்றும் போதும். குளிரில் மீன்கள் கூட்டமாக ஒதுங்கும்; ஒன்று மாட்டினால் அங்கேயே நில்லுங்கள்.

ராட் 9 அடி, 5-ஆம் எண் (அது தாங்கும் லைனின் எடையைக் குறிக்கும் எண்) போதுமானது. லைனையும் ஈயையும் இணைக்கும் மெல்லிய நரம்பான லீடர் 9 அடி, அதன் முனையில் 5எக்ஸ் ஃப்ளோரோகார்பன் டிப்பெட் (ஈ கட்டும் கடைசித் துண்டு), அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிமன். குளிரில் நைலான் லீடர் ஸ்பிரிங்போலச் சுருண்டே நிற்கும். இரு கையாலும் பிடித்து மெல்ல இழுத்து நேராக்காவிட்டால், மீன் தொட்டது, கடியைக் காட்டும் மிதவையான தக்கைக்கு வந்து சேராது.

இரண்டு நிம்ஃப் (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சியைப்போன்ற, மூழ்கும் ஈ) கட்டுகிறோம். மேலே 12 அல்லது 14-ஆம் அளவில் (எண் கூடினால் முள் சிறியது), டங்ஸ்டன் மணி கோத்த கனமான ஸ்டோன்ஃப்ளை அல்லது ஃபெசன்ட் டெயில் என்ற ஈ வகை. அதன் முள் வளைவிலிருந்து 40 சென்டிமீட்டர் நரம்பு விட்டு 18 அல்லது 20-ஆம் அளவு மிட்ஜ் (கொசுபோன்ற சிறு பூச்சி) ஈ. பித்தளையைவிட டங்ஸ்டன் இரண்டு மடங்குக்குமேல் அடர்த்தியானது. அதே அளவு மணியில் வேகமாக அடியைத் தொடும். ஃபெசன்ட் டெயிலை உருவாக்கிய ஃபிராங்க் சாயர், நூலே இல்லாமல் செம்புக் கம்பியால் இறகைச் சுற்றிக் கட்டியதும் இந்த எடைக்காகத்தான்.

தக்கையை ஈயிலிருந்து நீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு உயரத்தில் வைத்துத் தொடங்குங்கள். பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மீன் கடிக்கவில்லை என்றதும் பெட்டியைத் திறந்து ஈயை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குளிர்ந்த நீரில் ட்ரவுட் இரைக்காக ஒரு அடிகூட நகர விரும்பாது. ஈ அதன் மூக்கருகே வர வேண்டும். பத்து வீச்சில் இரண்டு மூன்று முறையாவது அடிக்கல்லில் தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் மேல் ஈக்கு 15 சென்டிமீட்டர் மேலே சிறிய ஈயக்குண்டு ஒன்று சேருங்கள். ஒவ்வொரு வீச்சிலும் சிக்கினால் ஒன்றைக் கழற்றுங்கள். எடையும் ஆழமும் சரியான பிறகு ஈயைப் பற்றி யோசிக்கலாம்.

வேகத்தைக் காட்டிக்கொடுப்பது நுரைக்குமிழி. மேல்நீர் எப்போதும் அடிநீரைவிட வேகமாக ஓடும். எனவே தக்கை பக்கத்திலிருக்கும் குமிழியைவிடச் சற்றுப் பின்தங்கி வந்தால்தான் ஈ அடியில் இயல்பாக உருள்கிறது என்று பொருள். குமிழியை முந்தினால் நரம்பை நீரோட்டம் இழுக்கிறது. ராட் முனையால் லைனைத் தூக்கி நீர் வரும் பக்கம் போடுங்கள். ஒரே தடத்தில் நாலைந்து வீச்சு, பிறகு ஒரு சாண் தள்ளி அடுத்த தடம். கடி விழும்போது தக்கை முங்காது. கண்ணிமைக்கும் நேரம் தயங்கும், அல்லது லேசாகச் சாயும். சந்தேகம் வந்தாலே முனையைச் சற்று உயர்த்துங்கள், வெட்டி இழுக்க வேண்டாம்.

மேகமூட்டமான மதியத்தில் சிறிய ஆலிவ் மேஃப்ளைகள் (ஆற்றுப் பூச்சிகள்) பொரித்து மேலே வந்தால் 18 அல்லது 20-ஆம் அளவு உலர் ஈக்கு (நீர்மேல் மிதப்பது) ஒரு மணி நேரம் வாய்ப்பு உண்டு. அதை நம்பி நாளைத் திட்டமிட மாட்டேன்.

காற்று பூஜ்யத்துக்குக் கீழே போனால் ராட் வளையங்களில் பனிக்கட்டி அடைக்கும். லைனை உள்ளே இழுக்கும்போது வரும் நீர்தான் உறைகிறது. ஆகவே லைனின் நீளத்தை மாற்றாமல் குறுகிய வீச்சாகப் போடுங்கள். அடைத்துவிட்டால் ராடை ஆற்றில் முக்கி எடுங்கள், ஆற்றுநீர் காற்றைவிடச் சூடு. நகத்தால் பெயர்த்தால் வளையத்தின் உள்வட்டமும் சேர்ந்து வந்துவிடலாம்.

நீரில் இறங்கும்போது இரண்டு எச்சரிக்கை. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) அடி பூட்ஸில் பனி அப்பிக் கட்டியாகி வழுக்கும். ரப்பர் அடியில் ஆணி பதித்ததே சரி. அடுத்தது, சுற்றியுள்ள கற்கள் பாசி படிந்திருக்க, ஒரு திட்டு மட்டும் வெளிறிச் சுத்தமாகத் தெரிந்தால் அதை மிதிக்காதீர்கள். பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலத்தில் இட்ட முட்டைகள் இந்தச் சரளைக்குள்தான் இன்னும் இருக்கும். இதற்காகவே பல ஆறுகளில் இப்பருவத்தில் மீன்பிடிக்கத் தடை இருக்கும். உரிம விதிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாட்டிய மீனை உறைகுளிரில் நீருக்கு வெளியே தூக்கவே கூடாது, செவுள் இழைகள் உறைந்து சேதமாகும். முள் முனையருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளை முன்பே இடுக்கியால் நசுக்கி வைத்தால், வலைக்குள் தண்ணீரில் வைத்தபடியே கழற்றலாம். விட்டதும் கையைத் துடைத்து உலர்த்திய பிறகே கையுறை போடுங்கள். கரையேறியதும் பூட்ஸ் நாடாவை உடனே அவிழ்த்துவிடுங்கள். உறைந்துவிட்டால் ஃபிளாஸ்கில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.