டவுன்லோடு போட்டாலே முட்டி முட்டி நின்ற கம்ப்யூட்டர்: மதர்போர்டு என்றார்கள், மாற்றியது ஒரு கேபிள்

வீட்டில் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், அதிலும் "போர்டு போயிடுச்சு" என்று கடையில் சொல்லக் கேட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள், பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் 14,000 ரூபாய் கேட்டார்கள். கடைசியில் அதைச் சரிசெய்த கேபிளின் விலை 120 ரூபாய். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

மகன் பிளஸ் டூ. அவன் சேர்ந்திருக்கும் பயிற்சி வகுப்பில் பாட வீடியோக்களை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒரு பக்கம் வீடியோ இறங்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் நேரலை வகுப்பும் ஓடும். டவுன்லோடு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வகுப்பு வீடியோ நின்றுவிடும். மவுஸ் அம்பு நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அசையாது. ஜன்னல்கள் வெளுத்துப்போய் நிற்கும். பிறகு தானாகவே எல்லாம் ஒரே மூச்சில் ஓடும், மறுபடி நிற்கும். டவுன்லோடை நிறுத்தினால் பரவாயில்லை. "அம்மா, திரும்பவும் நின்னுடுச்சும்மா" என்று அவன் கூப்பிடும்போதெல்லாம், சார் அங்கே ஒரு கணக்கை முடித்திருப்பார்.

முதலில் எல்லோரையும் போல நெட்காரர்களுக்குத்தான் போன் போட்டேன். ரவுட்டரை அணைத்து ஏற்றச் சொன்னார்கள். அப்புறம் ஒரு பையன் நேரில் வந்தான். எங்கள் கம்ப்யூட்டரிலேயே ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினான். 100 எம்பிபிஎஸ் முழுதாக வந்தது, ஒரு இடத்தில்கூடத் தடங்கல் இல்லை. "லைன் நல்லாத்தான் இருக்கு அக்கா, வேணும்னா 200 பிளான் போட்டுக்கங்க" என்றான். அந்த யோசனையை ஏற்றிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் அவன் ஓட்டிய ஸ்பீடு டெஸ்ட் பிறகு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்தது எங்கள் பகுதியிலிருக்கும் சர்வீஸ் கடை. சிபியுவை ஆட்டோவில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். பார்த்த மாத்திரத்தில் "ஃபார்மேட் பண்ணிடலாம் மேடம்" என்றார். டவுன்லோடு போடும்போது மட்டும்தான் இப்படி ஆகிறது, பென் டிரைவுக்குப் போட்டோக்களை காப்பி செய்தபோதும் இதே மாதிரி நின்று நின்றுதான் போனது என்று சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வைரஸ் இருந்தா அப்படித்தான்." இங்கே ஒரு எச்சரிக்கை: சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்வோம் என்பார்கள். டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் டவுன்லோட்ஸிலும் நாம் போட்டு வைத்திருப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த சி டிரைவுக்குள்தான் இருக்கிறது. கடையில் இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. கொண்டுபோவதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்ததால் மகனுடைய ஸ்கேன் செய்த நோட்டுகள் பிழைத்தன.

ஃபார்மேட்டுக்கு 600 ரூபாய். வீட்டுக்கு வந்து மாட்டியதும் விண்டோஸ் தன்பாட்டுக்கு அப்டேட்டை இறக்கத் தொடங்கியது, அப்போதே நின்றது. கடையில் இயக்கிக் காட்டியபோது டெஸ்க்டாப் திரை வந்ததா என்று மட்டும் பார்த்தார்கள். எந்த வேலையைச் செய்யும்போது கோளாறு வருகிறதோ அந்த வேலையைத்தான் அங்கே செய்து காட்டச் சொல்ல வேண்டும். உங்கள் எதிரில் ஒரு பெரிய ஃபைலை டவுன்லோடு செய்து காட்டாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மறுபடி தூக்கிக்கொண்டு போனேன். இந்த முறை ஹார்டு டிஸ்கைச் சோதிக்கும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து காட்டினார். நீல நிறத்தில் 'குட்' என்று இருந்தது. எங்கள் சி டிரைவ் ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். "பாருங்க, எஸ்எஸ்டி நல்லாருக்கு. அப்ப போர்டுதான். இந்த மாடல் இப்ப வர்றதில்ல, பிராசசர், ரேம் எல்லாம் சேர்த்து மாத்தணும், 14,000 ஆகும்." போர்டில் என்ன கோளாறு என்று கேட்டேன். "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது மேடம்" என்றார். அங்கேயே வண்டி பிடித்துச் சிபியுவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

புரியாது என்று அவர் சொன்ன விஷயம் உண்மையில் ரொம்பச் சிக்கலானது இல்லை. டவுன்லோடு என்பது ஒரே வேலை மாதிரித் தெரிந்தாலும் அதில் பல வேலைகள் இருக்கின்றன. நெட் வழியாகத் தகவல் வர வேண்டும், அது டிஸ்கில் எழுதப்பட வேண்டும், நடுவில் ஆன்டிவைரஸ் அதைப் பரிசோதிக்கும். ஸ்பீடு டெஸ்ட்டில் முதல் வேலை மட்டும்தான் நடக்கிறது. வந்த தகவலை அது டிஸ்கில் சேமிப்பதில்லை. அது தடங்கலில்லாமல் ஓடி, டவுன்லோடு மட்டும் திக்குகிறது என்றால் சந்தேகம் தானாகவே டிஸ்க் பக்கம் போகிறது.

கணக்கும் அதைத்தான் சொன்னது. எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் (மெகாபைட்) வரும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்கே ஒரு பெரிய ஃபைலை நொடிக்கு 100 எம்பிக்கு மேல் எழுதும். எங்களுடையது போல சாட்டா என்ற கேபிள் வழியாகப் போர்டோடு இணையும் எஸ்எஸ்டி 500 எம்பி வரை போகும். அப்படியிருக்க, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சி டிரைவைப் பார்த்தால் 100 சதவீதம் என்று நின்றது. எழுதும் வேகமோ நொடிக்கு 2 எம்பி, 3 எம்பி. சராசரி ரெஸ்பான்ஸ் நேரம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டில் இருந்தது. நல்ல எஸ்எஸ்டியில் அது வழக்கமாகச் சில மில்லிசெகண்டுகள்தான் இருக்கும்.

ஆன்டிவைரஸ்தான் காரணமா என்று பார்க்க விண்டோஸ் டிஃபெண்டரின் ரியல் டைம் பாதுகாப்பைக் கொஞ்ச நேரம் அணைத்துப் பார்த்தேன். மாற்றம் இல்லை. (பார்த்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.) பிறகு நெட் கேபிளையே பிடுங்கிவிட்டு, 4 ஜிபி வீடியோ ஒன்றை சி டிரைவுக்குள்ளேயே இன்னொரு ஃபோல்டருக்கு காப்பி செய்தேன். அச்சு அசலாக அதே திக்கல். நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது. இந்தச் சோதனையைச் செய்பவர்கள் காப்பி செய்ய வேண்டும், கட் செய்து ஒட்டக் கூடாது. ஒரே டிரைவுக்குள் கட் செய்தால் ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கும், முகவரி மட்டும்தான் மாறும், ஒன்றும் தெரியாது.

நெட்டைத் திரும்ப மாட்டி, பிரவுசரில் டவுன்லோடு போகும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றினேன். எங்கள் வீட்டில் அது தனி ஹார்டு டிஸ்க், தனி கேபிள். ஃபைல் வெண்ணெய் போல இறங்கியது, நேரலை வகுப்பும் கூடவே ஓடியது. போர்டு போயிருந்தால் இது எப்படி நடக்கும்?

அப்புறம் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் பதிவேடு அது. விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் என்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு முறை நின்ற நேரத்திலும் ஸ்டோர்ஏஎச்சிஐ (சாட்டா டிஸ்க் இணைப்பைக் கவனிக்கும் டிரைவர்) என்ற பெயரில் ஈவன்ட் 129 பதிவாகியிருந்தது: டிஸ்க் பதில் சொல்லவில்லை, இணைப்பை ரீசெட் செய்தேன் என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கிறது. ஃபார்மேட் செய்த பிறகு வந்த பதிவுகள்தான் எத்தனை! கடையில் யாராவது இதை ஒரு நிமிடம் திறந்து பார்த்திருந்தாலே போதும்.

கடைக்காரர் காட்டிய அதே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை நானும் போட்டுப் பார்த்தேன். 'குட்' என்ற நீலக் கட்டத்தோடு நிறுத்திவிடாமல் கீழே இருக்கும் பட்டியலைப் படிக்க வேண்டும். அதில் சி7 என்ற வரி, அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி எரர் கவுண்ட். டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே போகும் தகவல் வழியில் எத்தனை முறை கெட்டது என்ற எண்ணிக்கை அது. இரைச்சலான போன் லைனில் "என்ன சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பது மாதிரி, கெட்டுப்போன ஒவ்வொரு துண்டும் மறுபடி அனுப்பப்படும். தகவல் கடைசியில் கெடாமல் வந்து சேரும், நேரம்தான் போகும். இந்த எண் எவ்வளவு ஏறினாலும் 'குட்' என்பது மாறாது, ஏனென்றால் அங்கே டிஸ்கின் ஆரோக்கியத்தைத்தான் பார்க்கிறார்கள், கேபிளின் ஆரோக்கியத்தை இல்லை. எண்கள் முதலில் ஹெக்ஸ் கணக்கில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறை) தெரியும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ் போய் 10 என்பதைத் தேர்ந்தால் நமக்குப் புழக்கமான எண்ணாக மாறும். ஒரு டவுன்லோடு போட்டுவிட்டு மறுபடி பார்த்தேன், ஏறியிருந்தது. மேலே இணைப்பின் வேகத்தைக் காட்டும் டிரான்ஸ்ஃபர் மோடு என்ற இடத்தில் சாட்டா 600 என்று வர வேண்டியது 150 என்று இறங்கிக் கிடந்தது.

மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, சைடு கவரைக் கழற்றினேன். எஸ்எஸ்டிக்குப் போகும் மெல்லிய சிவப்பு கேபிள் கவரில் அழுந்தி, முனையை ஒட்டி மடங்கிப்போயிருந்தது. பிடித்து நிறுத்தும் கிளிப்பும் அதில் இல்லை. தொட்டாலே ஆடியது. பார்த்ததும் சந்தோஷத்தில் கத்திவிட்டேன், மகன் ஓடி வந்தான்.

சென்னை ரிச்சி தெருவில் கிளிப் வைத்த சாட்டா கேபிள் 120 ரூபாய்க்குக் கிடைத்தது. (ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.) தேவைக்கு மேல் நீளமானது வேண்டாம், சாட்டா கேபிளுக்கு விதிப்படி உச்ச நீளமே 1 மீட்டர்தான். மாட்டும்போது கிளிப் விழும் சத்தம் கேட்க வேண்டும், முனைக்குப் பக்கத்தில் மடிக்கக் கூடாது. கேபிள் மாற்றியும் சரியாகவில்லை என்றால் போர்டில் வேறு சாட்டா துளைக்கு மாற்றிப் பாருங்கள். உள்ளே கை வைப்பதற்கு முன் கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

மாட்டியபின் டிரான்ஸ்ஃபர் மோடு 600க்குத் திரும்பியது. சி7 எண் மட்டும் பழையபடியே நிற்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது குறையவே குறையாது. மேலும் ஏறாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி கேபினட்டில் ஒட்டியிருக்கிறேன். நிறைய வீடியோக்கள் இறங்கியாயிற்று, எண் நகரவில்லை. வகுப்பும் நிற்கவில்லை.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். அதே பட்டியலில் 05 அல்லது சி5 வரியில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்கே தளர்கிறது, உடனே எல்லாவற்றையும் நகல் எடுங்கள். போர்டில் நேராகச் செருகும் என்விஎம்இ வகை என்றால் கேபிளே கிடையாது. விலை குறைந்த எஸ்எஸ்டிகள் முக்கால்வாசி நிரம்பினாலே எழுதும்போது திணறும், இடம் காலி செய்து பாருங்கள். மவுஸ் அம்பே குதித்து, பாட்டும் கரகரவென்று வெட்டினால் லேன் டிரைவர் (நெட் இணைப்பை இயக்கும் மென்பொருள்) காரணமாக இருக்கலாம். லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓடவிட்டு டவுன்லோடு போட்டால் எந்த டிரைவர் என்று காட்டும், போர்டு தயாரித்தவர்களின் தளத்திலிருந்து அதைப் புதிதாக எடுத்துப் போடுங்கள்.

பழைய கேபிளையும் ஈவன்ட் பதிவுகளின் அச்சுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே போய் 600 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. பில்லும் அப்போதே தரவில்லை என்பதால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை. என்ன வேலை செய்தார்கள் என்று எழுதிய பில்லை வாங்காமல் சிபியுவை வெளியே எடுத்து வராதீர்கள்.